செவிட்டுத் தாத்தாவும் என் முதல் பாவசங்கீர்த்தனமும்

ஒன்பது வயதில், நத்தம் ரோட்டில் கை காட்டிய பயணிகளை ஏற்றாமல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போன பாவத்தை ஒரு சர்ச் சாமியாரிடம் மண்டியிட்டு அறிக்கையிட்டவள் நான். அப்போது எனக்கு சைக்கிளே ஓட்ட வராது. (இப்போதும் சுமார்தான்.) இதை நானாக வெளியே சொல்லாமல் இருந்தாலும் எங்கள் சொந்தபந்தம் விடாது. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் "வாங்க டிரைவர், பஸ்ஸ எங்க நிப்பாட்டுனீக?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காரவைக்கிறார்கள். ஆனால் பஸ் விவகாரம் இதில் சின்ன விஷயம். பெரிய விஷயத்தில் வாயைத் திறந்தது நான், மாட்டிக்கொண்டது இன்னொருவர்.

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்தது ஒரு காம்பவுண்டில். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு வாசல், ஒரு அடிபம்பு, ஒரே நீள வராண்டா. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் மற்ற நாலு வீட்டிலும் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும். எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்கள் சவரிமுத்து தாத்தாவும் அவர் மனைவி புஷ்பம் டீச்சரும். எங்களுக்கு உறவெல்லாம் இல்லை. தாத்தா முப்பது வருஷம் நத்தம் ரூட்டில் கவர்மென்ட் பஸ் ஓட்டியவர். டீச்சர் ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தார்.

டீச்சர் ஓய்வு பெற்ற மறுமாதமே தாத்தாவுக்குக் காது போயிற்று.

இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "முப்பது வருசம் ஹாரன் சத்தத்துல உக்காந்தவரு, காது என்னாத்துக்காகும்?" என்று காம்பவுண்டே உச்சுக் கொட்டியது. டீச்சர் நிலைமைதான் பாவம். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை ஐம்பது பிள்ளைகளுக்குப் பேசிப் பழகிய வாய். ஓய்வுக்குப் பிறகு வகுப்பில் ஒரே ஒரு மாணவர்தான் மிச்சம், அவரும் செவிடு. ஆனாலும் டீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. ஈரத்துண்டை நாற்காலியில் போடக்கூடாது என்பதில் ஆரம்பித்து, ஒட்டன்சத்திரம் பெரியண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்த கொடுமை வரைக்கும் தினமும் நடக்கும். தாத்தா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் ஒரு கஷ்டமும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை அம்மா, தம்பியைத் தூங்கவைக்கப் போகும்போது, "ஜெனி, குக்கர் நாலு விசில் வந்ததும் அமத்திரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வராண்டாவில் உட்கார்ந்து ஒரு எறும்புக்கு வழி மறித்துக்கொண்டிருந்தேன். குக்கரை சுத்தமாக மறந்துவிட்டேன். அப்போது பக்கத்து நாற்காலியில் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, நாலு ஆயிருச்சு. போயி அமத்து."

நானும் ஓடிப்போய் அமர்த்திவிட்டு வந்து மறுபடி எறும்பிடம் உட்கார்ந்தேன். அரை நிமிஷம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. குக்கர் இருந்தது எங்கள் வீட்டு அடுப்படியில், இரண்டு சுவர் தாண்டி. மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பேப்பருக்கு மேலே தாத்தாவின் இரண்டு கண்களும் பிதுங்கிக்கொண்டு என்னையே பார்த்தன.

"தாத்தா, ஒங்களுக்குக் காது கேக்குது!"

"கத்தாதலே!" அவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். டீச்சர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். "இங்க பாரு தாயி. இது ஒனக்கும் எனக்கும் மட்டும்தான். வெளிய தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

"ஏன் தாத்தா நடிக்கிறீங்க?"

"முப்பது வருசம் ஹாரன் சத்தம். வீட்டுக்கு வந்தா டீச்சர் சத்தம். நல்லவதான், இல்லேங்கல. ஆனா நிப்பாட்டத் தெரியாதுலே அவளுக்கு. இருக்குற காலத்துல செத்த நேரம் அமைதியா உக்காந்துட்டுப் போறேனே."

கெஞ்சிக் கேட்டார். ஆறடி மனுஷன், மீசை வைத்தவர், மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். ஒரே ஒரு விதிதான். யாராவது பக்கத்தில் இருந்தால் நான் அவரிடம் காம்பவுண்டே அதிரக் கத்திப் பேச வேண்டும். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்து "என்னா? என்னா?" என்பார். நான் இன்னும் ஒரு மடங்கு கத்துவேன். ஆள் இல்லாதபோது சாதாரணமாகப் பேசுவோம். ஒரு வருஷம் இப்படிக் கத்தியதில் என் தொண்டை ஒரு நிலைக்கு வந்துவிட்டது. பள்ளியில் வருகைப் பதிவுக்கு நான் "உள்ளேன் ஐயா" சொன்னால் பக்கத்து வகுப்பில் ஆள் எழுந்து நிற்பார்கள்.

அவரோடு அப்படி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். எல்லாம் என் பேச்சுதான். அப்பா கடையில் இருப்பார், அம்மாவுக்குக் கைக்குழந்தை. வீட்டில் நான் எதை ஆரம்பித்தாலும் "அப்புறம் சொல்லு" என்பார்கள். அந்த அப்புறம் ஒருநாளும் வராது. ஊருக்கே செவிடான மனுஷர் எனக்கு மட்டும் காது கொடுத்தார். கேட்டதோடு விடமாட்டார். மறுநாள் ஞாபகமாக, "அந்த டயானா பென்சிலத் திருப்பித் தந்தாளா?" என்பார். என் வகுப்பு டயானா தரவில்லை என்றால் என்னைவிட அதிகமாகக் கோபப்படுவார். என் ஒன்பது வயது வாழ்க்கையில் என் பென்சிலுக்காக அவ்வளவு வருத்தப்பட்ட ஆள் வேறு யாரும் கிடையாது. அவர் என்றால் எனக்கு உயிர்.

இப்படி இருக்கும்போதுதான் புதுநன்மை வந்தது. முதல்முறையாக நற்கருணை வாங்குவது. அதற்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும். வகுப்பெடுத்த சிஸ்டர் எங்களைப் பாவங்களை எல்லாம் யோசித்துத் தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். உடனே பிள்ளைகளுக்குள் போட்டி வந்துவிட்டது. ராபின் பதினொரு பாவம் வைத்திருந்தான். டயானா ஏழு. (பென்சில் அதில் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன்.) எனக்கு எவ்வளவு யோசித்தும் இரண்டுதான் தேறியது. அம்மாவிடம் பொய் சொன்னது, தம்பியின் பால்பவுடரைத் தின்றது. இரண்டே பாவத்தோடு போய் எப்படி மண்டி போடுவது? அவமானமாக இருந்தது.

தாத்தாவிடம் போய் அழுதேன்.

"இதுக்கா அழுகுற? என்கிட்ட மூட்டை மூட்டையா கெடக்கு, எடுத்துக்க" என்றார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதினேன். எழுதி முடித்த பிறகு ஏழு பாவம் இருந்தது. ராபினை ஜெயிக்க முடியவில்லை என்றாலும் டயானாவுக்குச் சமமாக வந்துவிட்டேன்.

ஆனால் அந்த வாரக் கடைசி வகுப்பில் சிஸ்டர் ஒரு குண்டைப் போட்டார். "ஒரே ஒரு பாவத்தை வேணும்னு மறைச்சாலும் பாவசங்கீர்த்தனம் செல்லாது. அதோட போயி நன்மை வாங்குனா அது சாவான பாவம்."

அப்படியென்றால் என் தாள் செல்லாது. ஏனென்றால் எனக்கென்று சொந்தமாக ஒரு பெரிய பாவம் இருந்தது. ஒரு வருஷமாகத் தினமும், காம்பவுண்டே கேட்கும்படி, நான் தாத்தாவுக்காகப் பொய் நடிப்பு நடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் தாத்தாவுக்குச் செய்து கொடுத்த சத்தியம் போய்விடும். சொல்லாவிட்டால் நேரே நரகம். கடைசியில் கையைத் தூக்கிக் கேட்டேன்.

"சிஸ்டர், நாங்க சொல்றத சாமியாரு வெளிய யார்கிட்டயாச்சும் சொல்லுவாரா?"

"உசுரே போனாலும் சொல்ல மாட்டாங்க."

அப்பாடா என்று இருந்தது. சாமியாரிடம் மட்டும் சொல்லிவிட்டால் ஆண்டவருக்கும் கணக்குத் தீர்ந்தது, தாத்தாவுக்கும் ஆபத்தில்லை. இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்றைக்கு மூன்று தோசை தின்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. பிள்ளைகள் முன்வரிசையில், பெற்றோர்கள் பின்னால். எங்கள் காம்பவுண்டிலிருந்து ஐந்து குடும்பமும் ஆஜர். தாத்தா பொதுவாகக் கோயில் பக்கம் அவ்வளவாக வரமாட்டார். எனக்காக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒத்தாசைக்கு வெளியூரிலிருந்து ஒரு வயதான சாமியார் வந்திருந்தார். என் வரிசைக்கு அவர்தான்.

போய் மண்டியிட்டேன். மரக்கூண்டின் வலைத்தட்டிக்குப் பின்னால் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஆரம்பத்தில் மிகவும் பவ்யமாக, மெல்லிய குரலில்தான் பேசினேன். இதை எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. (பஸ் விவகாரம் வெளியே தெரிந்தது, பிறகு என் பாவத் தாள் அம்மா கையில் சிக்கியதால்தான்.)

"சாமி, அம்மாகிட்ட பொய் சொல்லியிருக்கேன். தம்பியோட பால்பவுடரத் தின்னுருக்கேன். நத்தம் ரோட்டுல கை காமிச்ச ஆளுகள ஏத்தாம போயிருக்கேன்."

வலைத்தட்டிக்குப் பின்னால் முகம் நிமிர்ந்தது. பிறகு, "எதுல ஏத்தாம?" என்றார்.

"பஸ்ஸுல, சாமி."

"நீ என்ன படிக்கிற?"

"நாலாப்பு."

"சரி... மேல சொல்லு."

"டெப்போ மேனேஜர் ஸ்கூட்டர்ல காத்தப் புடுங்கி விட்டேன். டீ குடிக்கிறதுக்காக வண்டி ரிப்பேருன்னு சொல்லி சாணார்பட்டியில அரைமணி நேரம் நிப்பாட்டிப் போட்டேன். தூங்குன கண்டக்டர விட்டுட்டு வண்டிய எடுத்துட்டேன். பொண்டாட்டி குடுத்துவிட்ட உப்புமாவ நாய்க்குப் போட்டேன். ஆனா அந்த ஒண்ணுக்கு மட்டும் எனக்கு வருத்தம், மனஸ்தாபம் ஒண்ணும் இல்ல, சாமி." (தாத்தா அதையும் சேர்த்தே எழுதச் சொல்லியிருந்தார்.)

கூண்டு லேசாகக் குலுங்கியது. சாமியாருக்கு இருமல் வந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பாசமான குரலில், "பாப்பா, அடுத்தவுங்க பாவம் நமக்கு வேண்டாம். ஒன் மனச உறுத்துறது ஏதாச்சும் இருக்கா?" என்றார். கேட்டுவிட்டு, சாமியார்கள் வழக்கமாகச் செய்வதுபோல, தலையை வலைத்தட்டிப் பக்கம் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.

அங்கேதான் எல்லாம் நாசமாய்ப் போனது. ஒரு வருஷமாக, காதில் கை குவித்த கிழவரைப் பார்த்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மூச்சை இழுத்தேன்.

"சவரிமுத்து தாத்தாவுக்குக் காது நல்லாக் கேக்கும் சாமி! செவிடு மாதிரி நடிக்கிறாரு! டீச்சர் பேசுறதக் கேக்க முடியலயாம்! எனக்குத் தெரியும்! நானும் சேந்து நடிச்சேன்! எங்க வீட்டுக் குக்கர் விசில் வரைக்கும் அவருக்குக் கேக்கும்!"

எங்கள் கோயில் பழைய கோயில், உயரமான கூரை. கடைசி வார்த்தை மேலே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் கீழே இறங்கியது.

சாமியார் அவசரமாக மன்னிப்பு வழங்கி, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. மனசு பஞ்சாக, பாவமில்லாத முகத்தோடு திரும்பினேன். மொத்தக் கோயிலும் திரும்பி உட்கார்ந்து மூன்றாம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் வரிசையில் தாத்தா பீடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இமைகூட அசையவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனுஷரின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. தனக்குக் காது கேட்கிறது என்று கத்தியது தனக்குக் கேட்டுவிட்டதாக அவர் காட்டிக்கொள்ள முடியாது. ஊரே தன்னைப் பார்க்கும்போது ஏன் என்று திரும்பிக் கேட்டிருந்தாலாவது பிழைத்திருப்பார். அந்தப் பதற்றத்தில் அது தோன்றவில்லை.

டீச்சர் அவரை ஒரு தடவை பார்த்தார். ஜெபமாலையை மடியில் வைத்தார். கணவர் பக்கம் லேசாகச் சாய்ந்து, எனக்கே கேட்காத குரலில் ஏதோ சொன்னார். வேட்டிக்குள் கரப்பான்பூச்சி போகிறது என்று சொன்னதாகப் பிறகுதான் தெரிந்தது.

தாத்தா ஆறடியும் ஒரே துள்ளலாக எழுந்தார். "எங்க? எங்க?" என்று வேட்டியை உதறினார். முன்னால் இருந்த மண்டியிடும் பலகை கவிழ்ந்தது. அதன் மேல் இருந்த யாருடைய குடையோ விரிந்துகொண்டது. ராபின் கைதட்டினான். சிஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உக்காருங்க" என்றார் டீச்சர், அதே மெல்லிய குரலில். தாத்தா உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்ததே தப்பு என்று அவருக்கு விளங்கியது.

வெளியே வந்ததும் அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தாத்தா என்னைத் தாண்டிப் போனார். "தாத்தா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுநாள் வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி எல்லாம் நடந்தது. டீச்சர் வந்து, "உண்மை பேசுன பிள்ளை" என்று கன்னத்தைத் தட்டி ஒரு பெரிய சாக்லெட் கொடுத்தார். எனக்கு அது கசந்தது. போட்டோவுக்குத் தாத்தா வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டில் வகுப்பு ஆரம்பமானது. இத்தனை காலமும் நடத்திக் கேட்கப்படாமல் போன பாடங்களை டீச்சர் முதலிலிருந்து திரும்ப நடத்தினார். இப்போது கேள்வி பதிலும் உண்டு.

"இப்ப நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

"துண்டு... நாற்காலி..."

"முழு வாக்கியமா சொல்லணும்."

நான் வராண்டா தூணுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் கேட்டதெல்லாம் கொஞ்சம் அமைதி. அதை நான்தான் கெடுத்தேன். தினமும் பள்ளி விட்டு வந்து அவர் நாற்காலி அருகே உட்கார்வேன். "தாத்தா, இன்னைக்கு டிராயிங்ல எனக்கு ஸ்டார் போட்டாங்க" என்பேன். அவர் பேப்பரைத் திருப்புவார். கத்திப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஊரில் எல்லாரிடமும் காது கேட்க ஆரம்பித்த மனுஷர், எனக்கு மட்டும் செவிடாகிவிட்டார். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. (பால்பவுடரால் வந்த வயிற்றுக் கோளாறு என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறார்.)

காய்ச்சல் விட்ட அன்று சாயங்காலம் டீச்சர் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார். "பெரியண்ணன் பேத்தி சடங்குக்கு நாம என்ன எடுத்துட்டுப் போறோம்னு நேத்துச் சொன்னேன்?" தாத்தா முழித்தார். முந்தின நாள் படுத்தபடியே சுவர் வழியாக நான் எல்லாம் கேட்டிருந்தேன். டீச்சர் இட்லிக்கு மாவு பார்க்க உள்ளே திரும்பிய அந்த ஒரு நொடியில், நான் தூணுக்குப் பின்னாலிருந்து, என் வாழ்க்கையிலேயே மிகச் சின்னக் குரலில், "பட்டுப்பாவாடை" என்றேன்.

"பட்டுப்பாவாடை!" என்றார் தாத்தா.

"என்ன கலரு?"

"அரக்கு" என்றேன்.

"அரக்கு!"

டீச்சர் திகைத்து நின்று, "பரவால்லையே, தேறிட்டீங்க" என்று உள்ளே போனார். தாத்தா பேப்பரை மடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஏலே, அந்த டயானா பென்சிலத் திருப்பித் தந்தாளா இல்லையா?" என்றார். நான் அழுது தீர்த்தேன். அதன் பிறகு பள்ளி முடியும் வரை அவருக்கு விடை சொல்லிக் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு நிரந்தரமானது.

இப்போது நான் சென்னையில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாத்தாவுக்கு நிஜமாகவே காது போய்விட்டது. யாரும் நம்பவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினார். "டாக்டரையே ஏமாத்திட்டாரு பாத்தியா" என்று காம்பவுண்டு சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பின்னால் போய் நின்று, "குடல் கொழம்பு வச்சிருக்கேன், சூடா இருக்கு" என்று மெல்லச் சொல்லியிருக்கிறார். மனுஷர் திரும்பவில்லை. டீச்சர் எனக்கு போன் போட்டு, "நெசமாவே கேக்கலடி, ஜெனி. குடல் கொழம்புன்னு சொல்லியும் திரும்பல" என்று அழுதார்.

காது மெஷின் வாங்கினார்கள். கீச்சென்று கத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். டீச்சருக்கு வயதாகிக் குரல் ஒடுங்கிவிட்டது. எவ்வளவு கத்தினாலும் அவருக்கு எட்டுவதில்லை. எட்டுகிற குரல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதனால் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு டீச்சர் எனக்கு போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் காதோடு வைத்துப் பிடிக்கிறார். நான் அலுவலக மாடிப்படிக்கு ஓடுகிறேன். டீச்சர் அன்றைய பாடத்தைச் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு வரியாகக் கத்துகிறேன். எந்தப் பேச்சிலிருந்து தப்பிக்க அந்த மனுஷர் செவிடானாரோ, அந்தப் பேச்சை நூற்றுக்கணக்கான மைல் தாண்டி நான் ஒலிபரப்புகிறேன்.

நேற்றும் அப்படித்தான். "துண்ட நாற்காலில போட்டீங்களாம் தாத்தா! நாற்காலி ஈரமாயிருச்சாம்! ஒங்களக் கட்டுன நாள்லருந்து இதே ரோதனையாம்!" என்று படிக்கட்டு அதிரக் கத்தினேன். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தாத்தாவின் குரல் வந்தது.

"ஏலே, டீச்சர் இன்னும் வேறென்ன சொன்னா? ஒண்ணும் விடாம சொல்லு."